மணியின் அரிப்பு

மகன் வெளிநாடு போகும்போது எங்களிடம் விட்டுச்சென்ற லாப்ரடார், மணி. இரவெல்லாம் சொறிவான். காதுக்குள் சிவப்பு, பாதங்களை நக்கி நக்கிப் புண். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். அடங்கவில்லை.

"இந்த இனத்துக்கு ஒவ்வாமை சகஜம் சார். கோழி ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ. 8 வாரம் மீனும் சோறும் மட்டும் கொடுங்கள். வேறொரு துணுக்குகூடக் கூடாது" என்றார் கால்நடை மருத்துவர்.

6 வாரமாகியும் குறையவில்லை. மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார். மனைவி முன்னால் தலைகுனிந்து ஒப்புக்கொண்டேன்: ஞாயிறுதோறும் என் தட்டிலிருந்து ஒரு கோழித்துண்டு, யாருக்கும் தெரியாமல். அவன் பார்க்கும் பார்வை அப்படி!

மறுபடி முதலிலிருந்து 8 வாரம். அரிப்பு நின்றது, புண் ஆறியது. மருத்துவர் சொன்னபடி சோதனைக்குக் கொஞ்சம் கோழி கொடுத்தோம். சில நாளில் மீண்டும் சொறிந்தான். சந்தேகம் தீர்ந்தது.

இப்போது ஞாயிறன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மீன்தான்.