வல்லக்கோட்டைக்கு ஒரு தாமதமான பயணம்

சென்ற ஆவணியில் எங்கள் மகனுக்குத் திருமணம் நடந்தது. மணமக்கள் பிரான்சு நாட்டுக்குச் சென்றனர். பாரிசில் 1985 முதல் எழுந்தருளியிருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயத்தில் வணங்கிவிட்டு, மிகச் சிறிய வாடகைக் கார் ஒன்றைத் தாங்களே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்கள். சார்த்ர் நகரின் தேவாலயக் கோபுரங்கள் வயல்வெளிகளுக்கு அப்பால் வெகு தொலைவிலேயே தெரியும் படத்தை ஓர் இரவு அனுப்பினார்கள். பேச்சுவாக்கில் மருமகள், "அத்தை, கல்யாணம் ஆனதும் நீங்களும் மாமாவும் எங்கே போனீர்கள்?" என்று கேட்டாள்.

"வல்லக்கோட்டைக்குப் போவதாக இருந்தது" என்றாள் என் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்குச் சுரீரென்றது. மகளுக்கு நல்ல வரன் அமைந்தால் தம்பதியாக முருகன் சந்நிதிக்கு அனுப்புவதாக என் மாமியார் வேண்டிக்கொண்டு, ஒன்றேகால் ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்திருந்தார். எங்கள் திருமணம் 1984 வைகாசியில். அதற்குள் அரையாண்டுக் கணக்கு முடிக்கும் ஜூன் 30 நெருங்கிவிட்டது. வங்கியில் இருந்தவர்களுக்கு அந்நாளின் பொருள் தெரியும், விடுப்பு கிடையாது. பிறகு இடமாற்றங்கள். மாமியாரும் காலமாகிவிட்டார். அந்த முடிச்சு மட்டும் ஒவ்வோர் ஊரிலும் எங்கள் பூஜை அறைக்குக் கூடவே வந்தது.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மருமகளே பதிவு செய்து தந்த குட்டி வாடகைக் காரில் புறப்பட்டோம். முழங்கால் வலிக்காரியான என் மனைவி முன்னிருக்கையில் சிரமத்துடன் அமர்ந்தாள். பூவிருந்தவல்லி தாண்டி, 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்த இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை அடைந்தோம்.

சிவபெருமானின் பூதகணங்கள் சாபம் நீங்கப்பெற்ற இடமாதலால் பூதபுரி எனப்படும் தலம் இது. மூலவர் ஆதிகேசவப் பெருமாள், தாயார் யதிராஜநாதவல்லி. 1017-ஆம் ஆண்டு இங்கு அவதரித்த ராமானுஜரின் "தானுகந்த திருமேனி"க்குக் குளிர்காலத்தில் வெந்நீரால் திருமஞ்சனம் செய்து, கம்பளி போர்த்துகிறார்கள். கல்லோ உலோகமோ என்று எண்ணாமல், குளிருமே என்று எண்ணும் அந்த அன்பை நினைத்தபடி நெடுநேரம் நின்றோம். வெளியே வந்ததும் எனக்கு ஒரு குறும்பான ஐயம்: இல்லறம் துறந்து காஞ்சியில் துறவு பூண்டவரின் ஊரையா முதலில் தரிசிப்பது? "அவரைப் பெற்றவர்கள் தம்பதியாய்த் திருவல்லிக்கேணிக்குப் போய் வேள்வி செய்துதானே அவரைப் பெற்றார்கள்?" என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

அங்கிருந்து ஒரகடம் சாலை. இருபுறமும் நெடிய மதில்கள், கொள்கலன் லாரிகள், ஆட்களை ஏற்றிவரும் பேருந்துகள். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென 2024-இல் திறக்கப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. லாரிகளுக்கு நடுவில் எங்கள் கார் எலிக்குஞ்சு போல ஊர்ந்தது. மனைவி கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்தாள். பக்தியாலா, என் ஓட்டுதலாலா என்று நான் கேட்கவில்லை.

வல்லக்கோட்டைக்குத் திரும்பியதும் இரைச்சல் அடங்கிவிட்டது. நாரதரை அவமதித்து நாடிழந்த பகீரத மன்னன், வெள்ளிக்கிழமைதோறும் முருகனை வழிபட்டு இழந்ததைப் பெற்றான் என்பது தலவரலாறு. வள்ளி தெய்வயானையுடன் ஏறத்தாழ ஏழடி உயரத்தில் நிற்கிறார் சுப்பிரமணிய சுவாமி. அண்ணாந்துதான் தரிசிக்க வேண்டும். திருத்தணிக்குப் புறப்படவிருந்த அருணகிரிநாதரின் கனவில் தோன்றி, கோடைநகரை மறந்தாயோ என்று இம்முருகன் கேட்டதாகவும், அதன்பின் அவர் இங்கு வந்து பாடியதாகவும் சொல்வர். அருணகிரியாருக்கு ஓர் இரவில் நினைவூட்டல் வந்தது. எனக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. சந்நிதியில் என் மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

உண்டியல் அருகே வந்ததும் என் வங்கிப்புத்தி விழித்துக்கொண்டது. முடிச்சிலிருப்பது ஒரு ரூபாயும் 25 காசும். அந்த 25 காசு 2011 ஜூன் 30 முதல் செல்லாது. மீண்டும் அதே ஜூன் 30! "காசை மாற்றிப் புதிதாக முடிந்து போடலாமே?" என்றேன்.

"அம்மா முடிந்தது. அவிழ்க்க வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு, துணியோடு கண்ணில் ஒற்றி உண்டியலில் இட்டாள். நான் என் பங்குக்கு ஒரு நோட்டைச் சேர்த்தேன். வட்டிக்கணக்குப் பார்க்கவில்லை.

வண்டலூர் வழியே வீடு திரும்ப ஒரகடம் வந்தோம். சந்திப்பில், புதுக் கார்களை அடுக்கிய நீண்ட லாரி ஒன்று முன்னால் நின்றது. நாங்கள் ஏறியிருந்த க்விட் வண்டி பிரான்சு நாட்டு ரெனோ நிறுவனத்துடையது என்றும், 2010-இல் திறக்கப்பட்ட ஒரகடம் ஆலையில்தான் இது உருவாகிறது என்றும் சொன்னேன்.

"அப்படியானால் இதுவும் பிறந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது" என்றவள், லாரி நகர்வதற்குள் மருமகளைத் தொலைபேசியில் அழைத்தாள். "போய் வந்துவிட்டோம்மா" என்றாள்.