ஈரம் போகும் வழி

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ளாடையை எங்கே காயப் போடறீங்க?" என்பதுதான். தொடை இடுக்கில் படர்தாமரை மூன்றாவது முறையாகத் திரும்பியிருந்தது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், துண்டுக்கு அடியில் என்றேன். அம்மா பழக்கிய இடம் அது. அவருக்கு அவருடைய அம்மா பழக்கியது. "வெயில்ல போடுங்கம்மா, நல்லா காஞ்சாதான் இது போகும்" என்றார், ஏதோ வெயிலை நான்தான் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டதுபோல.

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் பால்கனிகளில் துணி தொங்கக் கூடாது. கட்டடத்தின் அழகு கெட்டுவிடுமாம். மொட்டை மாடியைக் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குப் பூட்டுவார்கள். அந்த நேரத்தில் நான் சோழிங்கநல்லூரில் கணினி முன்னால் இருப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் மாடி திறந்திருந்தும் பயனில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தால் ஒரு ஜீன்ஸ் காய மூன்று நாள் ஆகும்.

ஊரைவிட்டுப் போன தோழியிடமிருந்து பழைய டிரையர் ஒன்றை வாங்கினேன். ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் வகை அது. ஐந்து கிலோ துணியை மெஷின் பிழிந்த பிறகும் அதில் இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர் மிச்சமிருக்கும். அத்தனையும் ஆவியாகி எங்கேயாவது போயாக வேண்டும். வீட்டுக்குள் விட்டால் சுவர் பூசணம் பிடிக்கும்.

"ஓடிஎஸ்ல விட்டுடலாம் மேடம்" என்றார் எலக்ட்ரீஷியன், சுருள் பிளாஸ்டிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு. என் கணவரும் தலையாட்டினார். அந்த ஓடிஎஸ்ஸைப் பார்த்துத்தான் நான்கு வீட்டுக் குளியலறை ஜன்னல்கள் திறக்கின்றன.

நியூஜெர்சியில் இருக்கும் அண்ணி ஃபோனில் அலறிவிட்டார். அமெரிக்காவில் இதற்கென்றே விதிகள் உண்டு. அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பை உட்கார்ந்து படித்தேன். குழாய் நான்கு அங்குல விட்டம், உட்புறம் வழவழப்பான உலோகம். நீளம் 35 அடிக்கு மேல் கூடாது; சாதாரண முழங்கை வளைவு ஒவ்வொன்றுக்கும் அதில் ஐந்தடி கழித்துக்கொள்ள வேண்டும். ஸ்குரூ முனை எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. குழாயின் வாய் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும். அந்த வாயில் வலை அடிக்கவே கூடாது. எல்லாம் பஞ்சுக்காக. துணியிலிருந்து உதிரும் பஞ்சு எதில் சிக்கினாலும் சேரும், சேர்ந்தால் சூட்டில் பற்றிக்கொள்ளும். 2008–2010 கணக்குப்படி அமெரிக்க வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள். முதன்மைக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது. (சுத்தம் செய்யாதது யார் என்று எந்த வீட்டிலும் கேட்டிருப்பார்கள். அது வேறு கதை.)

நம் ஊரில் வலை இல்லாவிட்டால் புறா உள்ளே குடும்பம் நடத்தும். காற்று தள்ளும்போது மட்டும் திறந்து, பிறகு தானாக மூடிக்கொள்ளும் மூடி போதும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

சங்கக் கூட்டத்துக்கு வந்த பதினாறு பேரில் பெண்கள் இருவர். "வெளிச்சுவத்துல ஓட்டை போட்டா எலிவேஷன் போயிடும்மா" என்றார்கள். அதே சுவரில் ஏசி குழாய்க்காக இருபத்துமூன்று ஓட்டைகள் இருந்தன. எண்ணிவிட்டுத்தான் போயிருந்தேன். கட்டட வரைபடத்தையும் விரித்தேன். ஒவ்வொரு காருக்கும் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று கட்டம் போட்டிருந்தது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் வாகன நிறுத்தத்துக்குத் தனி இணைப்பே உண்டு. இதில் துணி காயும் இடம் எது, காட்டுங்கள் என்றேன்.

"எங்க வீட்ல இந்தப் பிரச்சினையே வந்ததில்லையே" என்றார் செயலாளர். நவராத்திரிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது குளியலறைக் கதவின் பின்னால் நான் பார்த்த துண்டையும், அதன் அடியில் தெரிந்த நாடாவையும் அவரிடம் சொல்லவில்லை.

காலி மனையைப் பார்த்த பின்பக்கச் சுவரில் ஓட்டைக்கு அனுமதி கிடைத்தது. ஆறடிக் குழாய், ஒரே ஒரு வளைவு. மாடி நேரத்தை மாற்ற மட்டும் மூன்று கைகள்தான் உயர்ந்தன.

கார்த்திகை மழையில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குக் கீழ்வீட்டு அக்கா வந்தார். கையில் துணிக்கடைக் கவர், நான்காக மடித்து.

"உன் மெஷின்ல இதையும் போட்டுத் தர்றியா? உள்ள போடறதுதான். ரெண்டு நாளா ஈரத்தோடவே போட்டுக்கறேன்" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்து, "அவருக்குத் தெரிய வேணாம்" என்றார்.

எலாஸ்டிக் கெடாமல் இருக்க, குறைந்த சூட்டில் வைத்தேன். காயும் வரை அக்கா சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்தார்.