பிடுங்காமல் விட்ட செடிகள்

தைப்பொங்கலுக்கு முந்தின நாள் பொள்ளாச்சி மார்க்கெட்டில் ஒருநாள் வியாபாரம் ஒன்று முளைக்கும். வெள்ளை வெள்ளையாகப் பூத்த பூளைச்செடி, மஞ்சள் ஆவாரங்கொத்து, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டிய சிறு கட்டுகள் தரையில் குவிந்து கிடக்கும். அது காப்புக்கட்டு நாள். வீட்டு இறவாரத்தில், மாட்டுச்சாளையில், கிணற்றடியில், காட்டு மூலையில், இப்போதெல்லாம் கார், லாரி முகப்பிலும் இந்தக் கட்டைச் செருகுவது கொங்கு நாட்டு வழக்கம். சிலர் மாவிலை, தும்பை, பிரண்டை, நாயுருவி என்று சேர்த்துக்கொள்வார்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும்.

ஒரு தலைமுறைக்கு முன் இதைக் காசு கொடுத்து வாங்குவதாகச் சொல்லியிருந்தால் பெரியவர்கள் சிரித்திருப்பார்கள். பிள்ளைகள் கையில் ஒரு கொடுவாளைக் கொடுத்து அனுப்பினால் போதும். இட்டேரியில் இறங்கி எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். எது பூளை, எது நாயுருவி என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அறுக்கப் போனதிலேயே அடையாளம் பிடிபட்டது. சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்த நாயுருவி விதையைப் பிய்த்தெடுத்த பிள்ளைக்கு அந்தச் செடி ஆயுளுக்கும் மறக்காது.

பிற மாவட்டத்து வாசகர்களுக்காக இட்டேரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் உயிர்வேலி வைத்த வண்டித்தடம்தான் இட்டேரி. வேலிக்குப் பெரும்பாலும் முள்ளுக்கிளுவை. கோடையில் போத்தை வெட்டி ஊன்றிவிட்டால் மழை விழுந்ததும் துளிர்த்துக்கொள்ளும். ஆட்டுக்குத் தழையும் ஆகும். காங்கயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் இன்றும் இந்த வேலியைப் பார்க்கலாம். உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும், நடுவில் காங்கயம் மாடும். கிளுவை மேல் பிரண்டை படரும், கோவை ஏறும், முடக்கத்தான், வேலிப்பருத்தி, தூதுவளை, சீந்தில், கண்வலிக்கொடி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக் கிடக்கும். அடியில் குப்பைமேனி, தும்பை, கீழாநெல்லி. இவற்றில் ஒன்றையும் எவரும் நட்டதில்லை. பறவை எச்சமிட்டது, காற்று கொண்டுவந்தது, மழைத்தண்ணீர் அடித்துவந்து ஒதுக்கியது. கொங்கு நாட்டின் மூலிகைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது என்றால் அது இந்த வேலிதான்.

பொள்ளாச்சியில் அது சுருங்கிப் போனதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துத் தண்ணீர் 1960களில் வந்த பிறகு மானாவாரிக் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்கள் மெல்ல மெல்லத் தென்னந்தோப்புகளாயின. கல்தூணும் முள்கம்பியும் கிளுவையின் இடத்தைப் பிடித்தன. சென்ட் கணக்கில் நிலம் விலைபோகும் ஊரில் நாலடி அகலத்துக்கு ஒரு வேலியை வைத்திருக்க யாருக்கு மனம் வரும்? மிச்சமிருந்த இட்டேரிகள் தார்ச்சாலையாகின. வரப்போரத்துக்குக் களைக்கொல்லி வந்தது. கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே தெளிக்கலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு போட்டது. வரப்புகளைப் பார்த்தால் அந்த உத்தரவு படிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் வீட்டுத்தோட்டம் முக்கியமாகிறது. மூலிகை வளர்க்கவேண்டும் என்று ஆசைப்படுபவர் முதலில் நர்சரிக்குப் போகிறார். துளசி, கற்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை என்று தொட்டியோடு வாங்கி வருகிறார். அந்தத் தொட்டி மண்ணிலேயே ஒரு மாதத்தில் கீழாநெல்லி தானாக முளைக்கும். அவர் அதைக் களையென்று பிடுங்கி எறிந்துவிட்டுக் கற்பூரவல்லிக்குத் தண்ணீர் ஊற்றுவார். இயற்கை வழித் தோட்டத்தில் கற்றுக்கொள்ளவேண்டிய முதல் வேலை நடுவதைவிட, எதைப் பிடுங்காமல் விடுவது என்பதுதான். முளைத்ததும் கை வைக்காமல் நாலு இலை வரும்வரை பொறுத்தால் முக்கால்வாசிச் செடிகள் தாமே அடையாளம் காட்டிவிடும். சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண்வெட்டி படாத பட்டை ஒன்றை ஒதுக்கினால் மழை முடிவதற்குள் பாதி இட்டேரி அங்கே வந்துவிடும்.

எல்லாவற்றையும் விட்டுவைப்பது என்று அர்த்தமில்லை. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பிடுங்கத்தான் வேண்டும். 1950களில் புனேப் பக்கம் கண்ணில் பட்ட இந்த அமெரிக்கச் செடி இறக்குமதிக் கோதுமையோடு வந்து நாடெங்கும் பரவியதாகச் சொல்லப்படுகிறது. தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் அதன் கொடை. பிடுங்கும்போது கையுறை நல்லது.

மண்ணைப் பேணுவதில் பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. மூடாக்குக்கு வெளியே போகவேண்டாம். கீற்று, பன்னாடை, மட்டை எல்லாம் வீட்டைச் சுற்றிக் கிடக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும் ஊர் இது. மூடாக்கு இல்லாத பாத்திக்கு எவ்வளவு ஊற்றினாலும் போதாது. தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் மேல்நோக்க வைத்துப் புதைத்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கசியவிடும். நார்க்கழிவு கொஞ்சம் வேறு ரகம். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதில் உப்பு அதிகம், லிக்னின் அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. மில்லிலிருந்து வந்ததை அப்படியே பாத்தியில் கொட்டினால் செடி மஞ்சளடிக்கும். நன்றாக அலசி, சாணத்தோடோ சிப்பிக்காளான் வித்தோடோ மட்கவைத்துக் கருத்த பிறகுதான் மண்ணுக்கு ஆகும். கடையில் அழகாக அழுத்திக் கட்டியாக விற்கும் நார்க்கழிவைக்கூட ஒருமுறை ஊறவைத்துத் தண்ணீரை வடித்துவிடுவது நல்லது.

கரைசல்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. பஞ்சகவ்யத்தைப் பயிருக்குரிய ஊட்டமாகப் பரப்பியவர் கொடுமுடி டாக்டர் நடராஜன், அலோபதி மருத்துவர். அதை ஊர் ஊராகப் பேசி எடுத்துச் சென்றவர்களில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் ஒருவர். லிட்டர் தண்ணீருக்கு முப்பது மில்லி, அதாவது 3 சதவீதம்தான் அளவு. ஆர்வத்தில் கெட்டியாகத் தெளித்து இலையைக் கருக வைத்தவர்கள் ஏராளம். ஜீவாமிர்தம் இன்னும் எளிது. இருபது லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ நாட்டுமாட்டுச் சாணம், ஒரு லிட்டர் கோமியம், இருநூறு கிராம் வெல்லம், அதே அளவு பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண். நிழலில் வைத்துத் தினமும் கலக்கினால் இரண்டு மூன்று நாளில் தயார். கொங்குக்கே உரியது என்று சொல்லத்தக்கது அரப்புமோர். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் தலைக்குப் போடும் அதே அரப்புத் தழையை அரைத்து மோரில் ஊறப்போட்டு, ஒரு வாரம் புளிக்கவிட்டு, வடிகட்டி நீர் சேர்த்துத் தெளிப்பார்கள். வளர்ச்சியைத் தூண்டும், பூச்சியையும் கொஞ்சம் விரட்டும். தேங்காய்ப்பாலையும் மோரையும் சேர்த்துப் புளிக்க வைக்கும் தேமோர்க்கரைசல் பூப்பிடிக்க உதவும் என்பார்கள். தேங்காய் விலை ஏறும்போது அதை யாரும் செய்வதில்லை.

பிடுங்காமல் விடுவதன் பயனைப் பொள்ளாச்சி ஒரு கசப்பான வழியில் கற்றது. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது 2016இல், இந்த வட்டாரத்துத் தென்னைகளில்தான். ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, தேன்போல ஒழுகவிடும். அந்தப் பிசுபிசுப்பில் கரும்பூசணம் படரும். மரத்தடியில் இருந்த வாழை, கொய்யா எல்லாம் மேல் இலை கரிபூசியதுபோல் ஆனது. மருந்தடித்தவர்கள் கண்டதென்ன? ஈயோடு சேர்ந்து அதை அழிக்கும் நல்ல பூச்சிகளும் செத்தன. என்கார்சியா என்னும் மிகச் சிறிய குளவி வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளிடம் மருந்தைத் தவிர்க்கச் சொன்னது. விசையாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், இந்தக் குளவி தங்கிப் பெருகத் தோப்புக்குள் வாழை, கல்வாழை போன்றவற்றை வையுங்கள் என்றது. சாக்கடையோரத்தில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடந்த கல்வாழைக்கு அப்படியொரு உத்தியோகம் கிடைத்தது.

தானாக முளைப்பவை மருந்துக்கு முன் சாப்பாட்டுக்குத்தான் வந்தன. சோளக்காட்டில் முதல் மழைக்குப் பின் எழும் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமிட்டிக்கீரை மூன்றையும் கலந்து பறித்து, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு போட்டு வேகவைத்து மண்சட்டியில் மத்தால் கடைந்தால் அது கொங்குக் கடைசல். களிக்கும் கம்மஞ்சோற்றுக்கும் அதைவிடப் பொருத்தம் வேறில்லை. பாத்தி போட்டு வளர்த்த கீரையில் அந்த ருசி வருவதில்லை என்று பாட்டிமார் சொல்வதில் பாதி பழம்பெருமை, பாதி உண்மை. பிரண்டை துவையலுக்கு. இளங்கணுவாகப் பார்த்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நல்லெண்ணெயில் வதக்கிப் புளி சேர்த்து அரைக்கவேண்டும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் நாக்கை அரிக்கின்றன. வதக்கலும் புளியும் குறைந்தால் அன்று முழுவதும் தொண்டை பேசும். முடக்கத்தான் இலை தோசைமாவில் அரைத்துச் சேர்க்க. தூதுவளை முள்ளை நீக்கி ரசத்துக்கு.

மருந்து என்று வரும்போதுதான் நிதானம் தேவைப்படுகிறது. கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவும், ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து 1988இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வைரஸை உடலில் சுமந்தவர்களில் கீழாநெல்லிப் பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி விளைந்த மண்ணா, பறித்த பருவமா, இனமா என்று விவாதம் நீண்டது. கீழாநெல்லி என்ற பெயரில் கடைகளில் விற்கும் சருகில் அதன் ஒன்றுவிட்ட சகோதரச் செடிகளும் கலந்திருப்பதைத் தென்னிந்திய மாதிரிகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மஞ்சள் காமாலைக்குக் காரணம் பல; ரத்தப் பரிசோதனை செய்யாமல் மோரில் அரைத்துக் குடித்துக்கொண்டே இருப்பது ஆபத்து.

குப்பைமேனிச் சாற்றை உப்போடு சொறிக்குத் தடவுவது எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை மயங்கிப் புரளும் என்பதும் தெரிந்ததே. உள்ளுக்குச் சாப்பிடுவது வேறு கதை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் அதைக் கஞ்சியாகக் குடித்து, ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மருத்துவமனையில் சேர்ந்ததை இலங்கை மருத்துவர்கள் 1990களில் பதிவு செய்தார்கள். இதைவிடக் கொடியது கண்வலிக்கிழங்கு. செங்காந்தள் என்று பெயர் சொன்னால் மாநில மலர். மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள், கொடி ஏறுவதற்குக் கிளுவைப் போத்தையும் விராலிக் குச்சியையும் ஊன்றி. கீல்வாத மருந்தான கொல்கிசின் அந்த விதையிலிருந்தும் எடுக்கப்படுகிறது. கிழங்கும் விதையும் உயிரைக் குடிக்கும் விஷம். அழகுக்கு ஆசைப்பட்டு, சர்க்கரைவள்ளி நட்ட பாத்திக்குப் பக்கத்தில் இதை வைப்பது போன்ற அசட்டுத்தனம் வேறில்லை.

கிளுவை வேலிக்கு இடமில்லாதவர்களுக்கு ஆடாதோடை தோதானது. மழைக்காலத்தில் ஒரு சாண் குச்சிகளாக நறுக்கி முழத்துக்கு ஒன்றாகச் சுவரோரம் ஊன்றினால் போதும், நடுநடுவே நொச்சி. ஆடு தொடாது, மாடு தொடாது. வெட்ட வெட்டத் தழைக்கும். அதன் இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றித்தான் இருமல் மருந்தான புரோம்ஹெக்சின் உருவாயிற்று. கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணமும் அதற்கு உண்டென்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கவாத்து செய்த தழையை வேம்பு, நொச்சியோடு சேர்த்து இடித்துக் கோமியத்தில் பத்து நாள் ஊறப்போட்டு வடித்தால் கத்தரிக்கும் வெண்டைக்கும் பூச்சிவிரட்டி. இரண்டாம் ஆண்டில் வேலி இடுப்புயரம் வந்ததும் கோவைக்கொடி கேட்காமலே ஏறும். வெயிலை மறைக்கிறது, அறுத்துவிடலாம் என்பார் வீட்டில் ஒருவர். பொரியலுக்கு ஆகுமே, இருக்கட்டும் என்பார் இன்னொருவர். ஒரு பிஞ்சைக் கடித்துப் பார்த்து முடிவு செய்யலாம். காட்டுக்கோவை பெரும்பாலும் கசக்கும். கசந்தால் பழுக்கவிட்டுக் கிளிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.