பனிக்கு அஞ்சாத வண்டி

பனி என்னும் சொல் மொன்றியல் நகரில் வாழும் எம் தமக்கையின் மகனுக்கு ஒரு பொருளைத் தரும். நுவரெலியாச் சீமையில் பிறந்து வளர்ந்த எமக்கு வேறொரு பொருளைத் தரும். அவன் அறிந்த பனி, வானத்திலிருந்து பஞ்சுபோல் பொழிந்து முழங்கால் அளவுக்குத் தெருவில் கிடப்பது. நாம் அறிந்த பனியோ பொழிவதன்று, படிவது. தை, மாசி மாதங்களில் முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தையெல்லாம் வானுக்கு விட்டுக் குளிர்ந்துபோக, விடிவதற்கு முன் புல்லின்மேலும் தேயிலையின்மேலும் வெள்ளைத் தூளாய் உறைந்து நிற்கும். துகள் உறைபனி என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். வெயில் ஏறினால் ஒரு நாழிகையில் மறைந்துவிடும். ஆயினும் அது தொட்ட கொழுந்து பின்னர் தீயில் வாட்டியதுபோல் கருகி நிற்பதைக் கண்டவர்கள் அதை இலேசாக எண்ணமாட்டார்கள்.

சென்ற தை மாதத்தில் மருமகன் வந்தான். கொழும்பில் விலையுயர்ந்த பெரிய வண்டியொன்றை வாடகைக்கு எடுத்து, அவிசாவளை, கினிகத்தேனை, ஹற்றன் வழியாகத் தானே செலுத்திக்கொண்டு வந்து சேர்ந்தான். நான்கு சில்லுகளுக்கும் இயந்திரத்தின் விசை செல்லும் வண்டி அது. தோல் ஆசனங்கள், ஆசனத்துக்குள்ளேயே சூடு. சேறு, மணல், பனி என்று படங்கள் பொறித்த ஒரு குமிழும் உண்டு. பனிப் படத்தைத் தொட்டுக் காட்டி, "பத்து வருசமா இதுலதான் மாமா ஓடுறேன், நம்ம தோட்டத்துப் பாதை என்ன பெருசு!" என்றான். எமக்கும் உள்ளூரப் பெருமையாகவே இருந்தது, அதை மறைப்பானேன்?

அந்தப் பெருமைக்கு ஒரு பழைய காரணம் உண்டு. லாண்ட் ரோவர் வண்டி 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. யுத்தத்துக்குப் பிந்திய இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடாக இருந்தமையால் அதன் உடலை அலுமினியக் கலவையால் செய்தார்கள். அவ்வண்டி எங்கள் மலைகளுக்கும் வந்து துரைமாரின் வாகனமாயிற்று. அது வரும் ஓசை கேட்டாலே பிள்ளைகளாகிய நாம் பாதையைவிட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கி நிற்போம். பின்னர் 1970இல் அதே நிறுவனத்தார் றேஞ்ச் ரோவரை வெளியிட்டு, சேற்றில் ஓடும் வண்டி சீமான்களின் வண்டியாகவும் இருக்கலாம் என்று காட்டினார்கள். அந்த வகை வண்டியொன்று எங்கள் லயத்து வாசலில், எங்கள் பிள்ளையின் கையில் நின்றபோது எம் அன்னையார் அதன் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார்.

அவர் நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். நெஞ்சில் இழுப்பு நோய் உண்டு. மருமகன் வந்த மூன்றாம் நாள் கடுமையாகப் பனி கொட்டிற்று. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவருக்கு மூச்சுத் திணறியது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தோம். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளின் நிலை எமக்குத் தெரியுமாதலால், அம்புலன்ஸ் வண்டியைப் பெருந்தெருச் சந்தியில் நிற்கும்படி கேட்டுக்கொண்டோம். லயத்திலிருந்து சந்திக்கு இரண்டு கட்டை தூரம். நோயாளிகளை வழக்கமாக இறக்கிச் செல்லும் ஆட்டோக்காரத் தம்பி, அழையாமலே வாசலில் வந்து நின்றான். "பெரிய வண்டி இருக்கிறதே, அம்மா படுத்துக்கொண்டே வரலாம்" என்று அவனைத் தடுத்தவர் நாமேதான்.

அரைக் கட்டை இறங்கியதும் டர்பன்டைன் மரங்களின் கீழ் ஒரு திருப்பம். அங்கே கொங்கிறீற் இட்ட துண்டுப் பாதையில் வெயில் விழுவதே அரிது, பாசி படர்ந்திருக்கும். அன்று பாசியின்மேலும் உதிர்ந்த இலைகளின்மேலும் உறைபனி பிடித்திருந்தது. மருமகன் பிரேக்கை மிதித்தான். அது அவன் காலடியில் படபடவென்று துடித்ததே தவிர, வண்டி நிற்கவில்லை. ஓசையில்லாமல், ஒரு பாய் நழுவுவதுபோல், பக்கவாட்டில் நழுவிற்று. ஒருபுறம் பள்ளம். தெய்வச் செயலாக மறுபுறத்துக் கானுக்குள் பின்சில்லு இறங்கி வண்டி நின்றது. குமிழைப் பனிப் படத்துக்குத் திருப்பி முடுக்கினான்; சில்லுகள் சுழன்று பாசியை மேலும் மெழுகினவே அன்றி ஏறவில்லை. பின்னாசனத்தில் அன்னையாரின் மூச்சு விசில்போல் இழுத்தது.

அப்பொழுது பெரட்டுக்குப் போகும் பெண்கள் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள். எங்கள் பின்னால் ஆட்டோவில் வந்த தம்பி அவர்களிடம் ஏதோ கூறினான். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. இடுப்பிலிருந்த படங்குகளை அவிழ்த்தார்கள். கொழுந்து பறிக்கும்போது செடியின் ஈரமும் கீறலும் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் துணியே படங்கு. ஒருத்தி தன்னுடையது பிளாஸ்ரிக் படங்கு என்றும் அது வழுக்குமென்றும் திரும்ப எடுத்துக்கொண்டாள். சாக்குப் படங்குகள் மாத்திரம் சில்லுகளின்கீழ் விரிக்கப்பட்டன. "சின்னக் கியர்ல போட்டு, பிரேக்கத் தொடாம விடுங்கண்ணே" என்றான் தம்பி. வண்டி உறுமி மேலேறிற்று. பின்னாலிருந்த படங்கை எடுத்து முன்னால் போடுவதும், முன்னேறுவதும், மறுபடி எடுத்துப் போடுவதுமாகத் திருப்பத்தைக் கடந்தோம். அந்த நிலையிலும் அன்னையார் கண்ணைத் திறந்து, "யாரு படங்கு அது? கிழிஞ்சிறப் போகுது" என்றார்.

சந்தியில் அம்புலன்ஸ் காத்து நின்றது. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்தார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

அந்த நான்கு நாளும் மருமகன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயரின் பற்கள் புதிதுபோல் ஆழமாகவே இருந்தன. அதைப் பார்த்துத்தான் அவன் வண்டியை எடுத்திருக்கிறான். இரண்டாம் நாள் டயரின் பக்கச் சுவரில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைத் துடைத்துப் பார்த்தான். முதல் இரண்டும் டயர் செய்யப்பட்ட வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிப்பன. பத்து ஆண்டு கடந்த டயர்கள்! அதிகம் ஓடாமல் நின்ற வண்டியாதலால் பல் தேயவில்லை. ஆனால் ரப்பர் முதிர்ந்து, நகத்தால் அழுத்தினால் கொம்புபோல் இறுகியிருந்தது.

அவன் சொல்லக் கேட்டபோதுதான் எமக்கும் விளங்கிற்று. வெப்பம் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போதே சாதாரணக் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்குமாம். ஆகையால் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம்; இப்பொழுது டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை அது இல்லாமல் அங்குள்ளோர் கார் ஓட்ட முடியாது. குளிரிலும் மென்மையாக இருக்கும்படி அந்த ரப்பரைக் கலக்கிறார்கள். பல்லின்மேல் மயிரிழைபோன்ற கீறல்களை இட்டுப் பனியைக் கவ்வச் செய்கிறார்கள். அங்கே கடுங்குளிர் டயருக்குச் செய்வதை இங்கே வயது செய்துவிட்டது. அதன்மேல் பனியும் பாசியும் சேர்ந்துகொண்டன. நான்கு சில்லு விசையோ புறப்படவும் ஏறவும் உதவும். நிறுத்துவதற்கு அதனால் சிறப்பொன்றும் இல்லை. எந்தச் சாதாரணக் காருக்கும் நான்கு சில்லிலும் பிரேக் உண்டு. நிலத்தைப் பிடிப்பது உள்ளங்கை அகல ரப்பர்தானே!

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. குளிர்கால டயரில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதல் என்கிறார்கள். அந்த மரத்தின் கன்றுகள் 1876இல் இலண்டன் கியூத் தோட்டத்திலிருந்து நம் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைக்குத்தான் வந்தன. மருமகன் ஏறிவந்த வழியில், எட்டியாந்தோட்டைச் சரிவுகளில் நிற்பதும் அதே மரந்தான். ரப்பர் நாட்டில் கொம்பு டயரோடு மலையேறி வந்திருக்கிறான்!

வாடகைக்காரரிடம் சொன்னபோது, பற்கள் நன்றாயிருக்கின்றனவே என்று அவரும் வியந்தாராம்.

கார்த்திகைக் கடைசியில் மொன்றியலிலிருந்து அழைத்தான். தன் காருக்குக் குளிர்கால டயர் மாட்டிவிட்டதாகச் சொல்லி, அம்மாயியின் நலம் கேட்டபின், அந்தத் தம்பியின் ஆட்டோ டயரில் என்ன இலக்கம் இருக்கிறதென்று பார்த்துச் சொல்லும்படி வேண்டினான். போய்ப் பார்த்தோம். இலக்கம் இருந்த இடத்தையே தோட்டத்துக் கல் உராய்ந்து அழித்திருந்தது; பற்களைப்பற்றிக் கேட்கவே வேண்டாம். மூன்று சில்லுக்கும் பணம் அனுப்பினான். செய்தி கேட்ட அன்னையார், அன்று கிழிந்த இரண்டு படங்குகளுக்கும் ஈடு வாங்கச் சொல்லித் தம் முடிச்சை அவிழ்த்தார். பிளாஸ்ரிக் வேண்டாமாம், சாக்காகப் பார்த்து வாங்கவேண்டுமாம்.