அஃபர்வத் மலைக்கு எந்தக் கண்ணாடி?

குல்மார்க்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வீட்டுத் தம்பி அடுத்த சீசனில் பனிச்சறுக்கு பழக இங்கே வரப்போகிறான், அவனுக்கு எந்த மாதிரிக் காகிள்ஸ் வாங்குவது என்று சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். கேள்வி சின்னது. பதில் கொஞ்சம் மலையேறி இறங்கும்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் 50 கிலோமீட்டர் சொச்சம். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் தங்மார்க் என்று ஒரு ஊர். வண்டி நின்றதும் ஆட்கள் சூழ்ந்துகொள்கிறார்கள்: கோட்டு வேண்டுமா, கம்பூட்ஸ் வேண்டுமா, கையுறை வேண்டுமா? கடை வாசலில் காகிள்ஸும் தொங்குகிறது. ஆரஞ்சு, நீலம், மயில்கழுத்துப் பச்சை என்று மினுக்குகிறது. தெற்கேயிருந்து வருகிற கூட்டம் அதில் இருப்பதிலேயே கறுப்பானதாகப் பார்த்து எடுக்கிறது. வத்திராயிருப்பு ரோட்டு வெயிலில் பழகிய கண்ணுக்குக் கறுப்பு என்றால் குளிர்ச்சி, குளிர்ச்சி என்றால் பாதுகாப்பு. பனியில் இந்தக் கணக்கு செல்லாது.

காரணம் இரண்டு. ஒன்று, உயரம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. குல்மார்க் 2,650 மீட்டர். இங்கிருந்து கண்டோலா என்கிற கம்பிவட வண்டியில் ஏறினால் முதல் கட்டம் கொங்டூரி, 3,000 மீட்டருக்குச் சற்று மேலே. 2005-இல் திறந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோளில், கிட்டத்தட்ட 4,000 மீட்டரில் கொண்டுபோய் இறக்குகிறது. இரண்டாவது காரணம், தரை. காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாய் விழுந்த பனி 80 சதவீதம் வரை அனுப்பும். வெயில் தலைக்கு மேலிருந்து மட்டுமல்ல, காலடியிலிருந்தும் வருகிறது. தொப்பியின் விளிம்பை எவ்வளவு இழுத்துவிட்டாலும் பயனில்லை.

இதனால் வருகிற கண் நோயை ராஜபாளையத்து வெல்டிங் பட்டறைகளில் எல்லோருக்கும் தெரியும். கேடயம் பிடிக்காமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்ட பையன் சாயங்காலம் வரை நன்றாக இருப்பான். இரவில் கண்ணைத் திறக்க முடியாமல் நீர் கொட்ட உட்கார்ந்திருப்பான். பனிக்குருடு என்பதும் இதேதான். இரண்டிலும் புற ஊதாக் கதிர் விழிப்படலத்தைச் சுடுகிறது, வலி 6 முதல் 12 மணி நேரம் கழித்து வருகிறது, பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே ஆறுகிறது. சுடும்போது வலிக்காது என்பதுதான் இதிலுள்ள வம்பு.

இதற்கு எவரெஸ்ட்டில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 1924 ஜூன் 4 அன்று எட்வர்ட் நார்ட்டன் ஆக்சிஜன் இல்லாமல் 8,570 மீட்டர் வரை ஏறினார். கால் வைக்கும் இடம் கறுப்புப் பாறை, பனியே இல்லை என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அன்றிரவு கூடாரத்தில் பார்வை போயிற்று. ஜூன் 6 காலையில் அதே குழுவின் மல்லோரியும் இர்வினும் கடைசிப் பயணத்துக்குப் புறப்பட்டபோது நார்ட்டன் கூடாரத்துக்குள் கண் தெரியாமல் இருந்தார். கைகொடுத்து அனுப்பத்தான் முடிந்தது. அவர்கள் இருவரும் திரும்பவில்லை. நார்ட்டனுக்குப் பார்வை திரும்பியது. ஆக்சிஜன் இல்லாமல் அவர் தொட்ட உயரத்தை 1978 வரை யாரும் தாண்டவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த 10 பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியன்காரர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பனி நமக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் என்று சொல்லிவிட முடியாது. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை, உயர்மலைப் படைகளுக்கான பனிக் கண்ணாடியில் 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை என்று எழுதியது. காலணி, உறங்கும் பை, முகமூடி ஆகியவற்றோடு சேர்த்துக் கண்ணாடியையும் கணக்கிலெடுத்த அறிக்கை அது. சுற்றுலாக்காரர்கள்தான் இதை அலங்காரம் என்று நினைத்து வாங்குகிறார்கள்.

இனி கடைக்கு வருவோம். கதிரைத் தடுப்பது வேறு, வெளிச்சத்தைக் குறைப்பது வேறு. நல்ல காகிள்ஸின் லென்ஸ் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். நிறமே இல்லாவிட்டாலும் அது புற ஊதாக் கதிரைக் கிட்டத்தட்ட முழுக்க நிறுத்திவிடும். கறுப்புச் சாயம் மட்டும் பூசி, கதிரைத் தடுக்காத மட்டமான பிளாஸ்டிக் என்றால் ஆபத்து அதிகம்: இருட்டுக்குக் கண் பாப்பா விரியும், விரிந்த பாப்பா வழியே கதிர் தாராளமாக உள்ளே போகும். ஆக, நிறத்தைப் பார்த்து மயங்காமல் சட்டத்தின் ஓரத்திலோ பட்டையிலோ அச்சிட்ட சின்ன எழுத்தைத் தேடவேண்டும். எஸ் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எஸ்0 என்றால் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே வரும். எஸ்1 என்றால் 43 முதல் 80. எஸ்2, 18 முதல் 43. எஸ்3, 8 முதல் 18. எஸ்4 என்றால் வெறும் 3 முதல் 8. பெரிய கம்பெனிகள் இந்தச் சதவீதத்தையே ஒவ்வொரு லென்ஸுக்கும் அச்சிட்டுத் தருகின்றன. டெக்கத்லான் கடைகளில் கிடைக்கும் வெட்ஸே வகையிலும் எண் இருக்கும். எண்ணே இல்லாத காகிள்ஸைக் கீழே வைத்துவிடலாம்.

தம்பிக்கு எது? எஸ்4 வேண்டவே வேண்டாம். அது பனிப்பாறை ஏறுகிறவர்களுக்கானது. அவன் வரும் மாதத்தைப் பொறுத்துத்தான் மற்றது. டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்கிறார்கள். அந்தக் காலத்தில் மேகமும் பனிப்பொழிவும் மாறி மாறி வரும். வெயிலே முகம் காட்டாத நாட்களும் உண்டு. மார்ச்சில் வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் காலண்டரையும் முழுக்க நம்ப முடியவில்லை. 2025-இல் இங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் எஸ்2. கொஞ்சம் கூடக் கொடுத்து லென்ஸ் கழற்றி மாட்டும் வகையாக வாங்கினால் வெயிலுக்கு எஸ்3, மேகத்துக்கு எஸ்1.

மேகத்துக்கு எதற்குத் தனி லென்ஸ் என்று கேட்கத் தோன்றும். பனியில் மேகம் வெயிலைவிடப் பொல்லாதது. நிழல் விழாத வெளிச்சத்தில் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. வானமும் தரையும் ஒரே வெள்ளை. கொங்டூரிக்குக் கீழே மரங்களாவது இருக்கின்றன, அந்தப் பச்சையை வைத்துச் சரிவை அனுமானிக்கலாம். அஃபர்வத் பக்கம் மொட்டை வெளி. இதற்குத்தான் மஞ்சள், ரோஜா, தேன் நிற லென்ஸ்கள். நீல வெளிச்சத்தை வடித்துவிட்டுப் பனியின் மடிப்புகளை எடுத்துக் காட்டும். ஓக்லியின் பிரிஸம், ஸ்மித்தின் குரோமாபாப் என்று ஆளுக்கொரு பெயர் வைத்து விற்பது இந்த வித்தையின் மேம்பட்ட வடிவம்தான். பயன் இருக்கிறது. விளம்பரத்தில் காட்டுகிற அளவுக்கு இல்லை.

அந்த மங்கல் வெளிச்சம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. தங்மார்க்குக்காரர் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர். அவருடைய அப்பா குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். பையன் நான்கு வயதிலேயே சறுக்கத் தொடங்கிவிட்டான். ஒலிம்பிக்கில் அவர் ஜயன்ட் ஸ்லாலம் ஓடிய பிப்ரவரி 13 அன்று பனி கொட்டித் தீர்த்தது. எதிரே இருப்பது மங்கித் தெரிகிற அந்த வெளிச்சத்தில் உலகத் தரத்து வீரர்கள் பலர் பாதியிலேயே தடுமாறி விழுந்தார்கள். ஆரிஃப் இரண்டு சுற்றும் முடித்து 45-ஆம் இடத்தில் வந்தார்.

புதிதாகப் பழகுகிறவனுக்கு இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை ஆவி படிவது. கற்றுக்கொள்கிறவன் விழுவான், எழுவான், வியர்ப்பான். நம் ஆட்கள் கூடுதலாக ஒன்று செய்கிறார்கள்: மங்கி குல்லாவையும் மஃப்ளரையும் மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு, அதன்மேல் காகிள்ஸை மாட்டுகிறார்கள். மூச்சுக்காற்று முழுதும் நேராகக் கண்ணாடிக்குள் போகிறது. இரண்டு நிமிஷத்தில் உள்ளே வெள்ளை. மூக்கு வெளியே இருக்கட்டும், குளிர்ந்தால் குளிரட்டும்.

இந்தத் தொல்லைக்கு விடை கண்டவர் பாப் ஸ்மித் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர். புதுப்பனியில் சறுக்கும் நாளெல்லாம் கண்ணாடி மூடிக்கொள்வது பொறுக்காமல், 1965-இல் இரண்டு லென்ஸை ஒட்டி, நடுவே காற்றை அடைத்து, விளிம்பில் காற்று புகும் ஃபோம் வைத்துப் பார்த்தார். ஃப்ளாஸ்க்கின் இரட்டைச் சுவர் செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது: வெளி லென்ஸ் உறைந்தாலும் உள் லென்ஸ் சூடு குறையாமல் இருக்கும், ஈரம் படியாது. ஆரம்பத்தில் காகிள்ஸைக் கொடுத்து லிஃப்ட் டிக்கெட் வாங்கிக்கொண்டாராம். பிறகு அதுவே ஸ்மித் ஆப்டிக்ஸ் என்ற கம்பெனி ஆனது. இன்று உருப்படியான காகிள்ஸ் எல்லாமே இரட்டை லென்ஸ்தான். கடையில் சோதிப்பது சுலபம். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் லென்ஸின் ஓரத்தில் இரண்டு தகடும், அவற்றுக்கு நடுவே ஓடும் மெல்லிய ஃபோம் வரியும் தெரியும். ஒற்றைத் தகடாக இருந்தால் என்ன மினுக்கு மினுக்கினாலும் வேண்டாம்.

உள் லென்ஸில் ஆவி படியாத பூச்சு இருக்கும். ஈரமாய் இருக்கும்போது கையுறையால் தேய்த்தால் அதோடு போச்சு. பனி உள்ளே போய்விட்டால் உதறி, கூடவே வருகிற மெல்லிய துணிப்பையால் ஒற்றி எடுத்து, உலரவிடவேண்டும். விழுந்து எழுந்ததும் காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றிவிடுகிற பழக்கமும் கூடாது. வியர்த்த நெற்றியின் ஆவி நேராக உள்ளே ஏறும். இங்கே பாதிப்பேர் அப்படித்தான் நிற்கிறார்கள், போட்டோ நன்றாக வருகிறது.

அளவுக்கு வருவோம். மாட்டிப் பார்க்கும்போது பட்டையைத் தலைக்குப் போடாமல் சட்டத்தை மட்டும் முகத்தில் வைத்து லேசாக அழுத்தவேண்டும். புருவம், பொட்டு, கன்னம் எல்லா இடத்திலும் ஃபோம் ஒரே சீராகத் தொடவேண்டும். சந்தேகம் மூக்கில்தான். ஐரோப்பியர் மூக்கை மனதில் வைத்து வார்த்த சட்டங்கள் நம்மில் பலருக்கு மூக்கின் இருபுறமும் இடைவெளி விடும். அதன் வழியே காற்று புகுந்து கண்ணில் நீர் வரும். குறைந்த மூக்குத் தண்டுக்கென்று தனி ஃபோம் வைத்த வகைகள் இருக்கின்றன, கேட்டு வாங்கலாம். ஹெல்மெட்டையும் போட்டுப் பார்க்கவேண்டும். ஹெல்மெட்டுக்கும் காகிள்ஸுக்கும் நடுவே நெற்றி தெரிந்தால் அந்த இடத்தில் குளிர் அறையும்; ஹெல்மெட் சட்டத்தை மூக்கின்மேல் அழுத்தினால் மூச்சு முட்டும். பட்டையின் உட்புறம் சிலிக்கான் கோடு இருந்தால் வழுக்காது.

தம்பி ஸ்கீயா, ஸ்னோபோர்டா என்று இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது. ஸ்கீக்காரன் நேராகப் பார்த்து இறங்குகிறவன். ஸ்னோபோர்டுக்காரன் பக்கவாட்டில் நின்று தோளுக்கு மேலாகப் பார்த்து இறங்குகிறவன். அவனுக்கு ஓரப்பார்வை விரிவாகத் தெரியவேண்டும், சட்டம் மறைக்கக் கூடாது. உருண்டை வளைவுள்ள பெரிய லென்ஸ் அவனுக்கு நல்லது. பழகும் நாட்களில் அவன் பனியிலேயே உட்கார்ந்திருப்பான் என்பதால் கழற்றிக் கீழே வைக்கவும் கூடாது.

விலை ஏற்றுகிற மற்ற வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக. வெயிலுக்குத் தானே கறுக்கும் லென்ஸ் குளிரில் அதிகமாகக் கறுத்து, வெளுக்க நேரம் எடுக்கும். போலரைஸ்டு கண் கூசாமல் வைக்கும், ஆனால் வழுக்கும் ஐஸின் பளபளப்பையும் சேர்த்து மறைத்துவிடும். காந்தத்தில் ஒட்டும் லென்ஸ், கையுறையோடு மாற்ற வசதி. காசு இருந்தால் வாங்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பூச்சு வெளியே நிற்பவருக்கு அழகு, கீறினால் அசிங்கம்.

கடைசியாக, தம்பி பவர் கண்ணாடி போடுகிறவன். அவனுக்கு ஓடிஜி என்று எழுதியிருக்கும் வகைதான் சரி. கண்ணாடியின் கம்பி நுழைய இரு பக்கமும் ஃபோமில் பள்ளம் வெட்டியிருப்பார்கள், உள்ளே ஆழமும் இருக்கும். அப்போதும் மூக்குக் கண்ணாடியில் தனியாக ஆவி படியும். கான்டாக்ட் லென்ஸ் பழகிக்கொண்டால் தொல்லை பாதி தீரும். அதை ஊரில் இருக்கும்போதே, கண் டாக்டரிடம் கேட்டு, சில வாரம் முன்னதாகத் தொடங்கட்டும். ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் இங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாடகைக் காகிள்ஸும் உண்டு, பெரும்பாலும் கீறல் விழுந்தவை. அதனால் காகிள்ஸை மட்டும் மதுரையிலோ சென்னையிலோ, தன் பவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்கி வரச்சொல்லுங்கள். வரும்போது கால் கிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும். இந்தக் குளிரில் கெடாது.

அன்புடன்,
குல்மார்க்கிலிருந்து