ஆலந்தூர் ஆற்றுப்படை

'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. வழி அறிந்தவன் அறியாதவனை நெறிப்படுத்துவதே ஆற்றுப்படை என்று வகுப்பில் கேட்டிருக்கிறோம். நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனைச் சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்தின் வழியே அனுப்புகிறது. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர் அறிஞர். அதற்குத் தெற்கே, கடலோரமாக இருக்கும் கூனிமேடு என் ஊர். பாணனுக்கு வழி சொல்லப் புலவர் இருந்தார். எழுத்தறியாத என் தாயாருக்கு வழி சொன்னது சென்னை ஆலந்தூர் மெட்ரோ ரயில் நிலையம்!

2019ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மழை இறங்கி உப்பளப் பாத்திகள் வெள்ளக்காடாகிக் கிடந்தன. மழை விட்டு, பாத்தி மீண்டும் மிதிபட்டு, உப்பு விளையும் வரை எங்கள் வீட்டில் கூலி ஏது? மழைக்காலத்திலும் அடுப்பு எரிய வேண்டுமென்றே அண்ணன் வளைகுடா நாட்டு வேலைக்குப் புறப்பட்டான். வழியனுப்பத் தாயாரும் நானும் சென்றோம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் கோயம்பேடு சேர்ந்து, பரங்கிமலை செல்லும் ரயிலில் ஏறினோம். விமான நிலையத்துக்கு ஆலந்தூரில் மாற வேண்டும்.

சென்னையில் மெட்ரோ ரயில் முதன்முதலாக ஓடியது 2015 ஜூன் 29 அன்று, கோயம்பேட்டிலிருந்து இந்த ஆலந்தூர் வரைதான். மறு ஆண்டு செப்டம்பர் 21இல் சின்னமலை – விமான நிலையத் தடமும் திறக்கப்பட, ஆலந்தூர் சந்திப்பாயிற்று. பச்சைத் தடமும் நீலத் தடமும் சென்ட்ரலிலும் சந்திக்கின்றன. ஆனால் அது பூமிக்கடியில். ஆலந்தூரிலோ தரைக்கு மேலே, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளங்களில் ரயில்கள் வந்து நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறச் சாலையைக் கடக்க வேண்டாம். மறுபடி சீட்டு எடுக்கவும் வேண்டாம். பேருந்து மாறுவதற்காக வெயிலில் ஓடி, நடத்துநர் ஒவ்வொருவரையும் கெஞ்சிக் கேட்கும் நமக்கு இது சின்னச் செய்தியா?

சீனத்துச் சோங்சிங் நகரில், லிசிபா என்னுமிடத்தில், ரயில் குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் உள்ளேயே புகுந்து புறப்படுகிறது. அதைக் காணவே கூட்டம் கூடுகிறது. வேடிக்கைக்கு அது சரி. பெட்டியும் கையுமாக, விமானத்துக்கு நேரமாகிறதே என்று தவிப்பவருக்கு வேண்டியது வேடிக்கை அன்று.

நகரும் படிக்கட்டைக் கண்டு தாயார் தயங்கினார். உப்பு நீரில் நின்று நின்று வெடித்த பாதம். அதை வைக்க அஞ்சி, பக்கத்துப் படிகளில் ஏறியே வந்தார். ஆனால் அவர் கண்கள் சும்மா இருக்கவில்லை. பலகைகளின் வண்ணங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "பச்சையில வந்தோம், நீலத்துல போறோம். அவ்ளோதானே? இதுக்கு எழுத்து எதுக்குடா?" என்றார். அண்ணன் சிரித்தான். புறப்பட்டதிலிருந்து அன்று அவன் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

2022இல் அண்ணன் விடுப்பில் வந்தான். அன்று எனக்குத் தேர்வு. அழைத்துவரத் தாயார் தனியாகவே சென்றார். எனக்கு வினாத்தாளில் மனம் ஓடவேயில்லை. பொழுது சாயும் முன்னே இருவரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆலந்தூரில் பேச்சு மும்முரத்தில் அண்ணன்தான் வேறு படியில் ஏறப் பார்த்தானாம். தாயார் சட்டையைப் பிடித்து இழுத்து, "பச்சைடா, பச்சை!" என்றாராம்.