வளைந்த மூக்கு

உபாத்தியாயர் தவறு செய்யலாம். மாணாக்கர் முன்னிலையில் மட்டும் செய்யலாகாது. இஃது எங்கள் தொழிலில் எழுதப்படாத சட்டம். இருபது வருஷ காலம் அதைக் காப்பாற்றி வந்தவன் நான். சென்ற தை மாதத்தில் ஒரு சிறு பட்சி அதை உடைத்துவிட்டது.

காரைக்காலில் அரசலாறு கடலோடு கலக்குமிடத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை பையன்களை அழைத்துச் சென்றிருந்தேன். நீர் வடிந்த சேற்றிலே சாம்பல் நிறப் பறவைகள் கூட்டமாய் மேய்ந்துகொண்டிருந்தன. "இவைதாம் கொசு உள்ளான்கள்" என்று கம்பீரமாய் அறிவித்தேன்.

மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், "இல்லீங்க ஸார், இதுக்கு மூக்கு நீளமா, கீழே வளைஞ்சிருக்கு" என்றான்.

"படித்தவன் நானா, நீயா?" என்று கேட்டுவிட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் தலைகுனிந்தான்.

அன்றிரவு ஸலீம் அலியின் புத்தகத்தைப் புரட்டியபோது நெஞ்சு சுருக்கென்றது. கொசு உள்ளான் ஏறக்குறையச் சிட்டுக்குருவியளவே இருக்கும், மூக்கும் குட்டை. நாங்கள் கண்டதோ அதனினும் பெரிது. வளைமூக்கு உள்ளானாக இருக்க வேண்டும். பறக்கையில் வாலுக்கு மேல் வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் ஊர்ஜிதம். மறுநாள் விடியலில் தனியே சென்றேன். எங்கோ நாய் குரைத்தது, கூட்டம் எழும்பிற்று. அத்தனை முதுகிலும் வெள்ளைத் திட்டு வெயிலில் பளிச்சிட்டது!

சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் பட்சி இது. சித்திரையில் திரும்புமுன் செங்கல் நிறம் பூணத் தொடங்கும். 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. பக்கத்து நாகப்பட்டினம் போய்வர என் பாட்டனார் சுங்கச்சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்ததாம். பறவைக்கு அந்தத் தொந்தரவில்லை. அது நம்மிடம் கேட்பது சேறு ஒன்றைத்தான். அதிலுள்ள புழுபூச்சிகளே அதன் நெடும்பயணத்துக்குக் கட்டுச்சோறு. நாமோ, 'வெறும் சேறுதானே' என்று அங்கே குப்பையைக் கொட்டுகிறோம். பெயர் தெரியாதவன் வீட்டு வாசலில் குப்பை கொட்டுவது சுலபந்தானே!

திங்கட்கிழமை வகுப்பில், கரும்பலகையில் இரண்டு மூக்குகளையும் வரைந்தேன். "நான் சொன்னது தவறு, அவன் சொன்னதே சரி. அவனை நான் அப்படிக் கேட்டது அதைவிடத் தவறு" என்றேன். வகுப்பு நிசப்தமாயிற்று.

பையன் மெள்ள எழுந்தான். "ஸார், பறக்குறப்போ வாலுக்கு மேலே வெள்ளையாத் தெரியும். அதையும் போடுங்க."

போட்டேன்.